துரை குடிக்கும் தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் செல்லப் பிராணிகள் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். இகுவானா, ஆமை மாதிரி ஊர்வன வளர்ப்பவர்கள் கோடையில் கவனிக்க வேண்டியவை என்று ஐந்தே வரி. அதில் நாலாவது வரி இது: 'குழாய்த் தண்ணீர் இவற்றுக்கு விஷம், ஆர்.ஓ. தண்ணீரோ மினரல் வாட்டரோ மட்டும் கொடுக்கவும்.' காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன்.

நான் புதுச்சேரியில் 31 வருஷம் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மேல்நிலைத் தொட்டியின் ஏணியில் வாளியோடு ஏறி பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிய கை இது. விஷம் என்று அச்சில் பார்த்தால் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும். சரி, அது என் சொந்தக் கோபம், விடுங்கள். என் வீட்டிலும் ஒரு இகுவானா, பெரிய ஓணான் மாதிரி இருக்கும் வெளிநாட்டுப் பிராணி, இருக்கிறது. போன வருஷம் அது படுத்த படுக்கையானது குழாய்த் தண்ணீரால் இல்லை, ஆர்.ஓ. மிஷினோடு சம்பந்தப்பட்ட ஒரு காரியத்தால். செய்தது நான்தான். அதை உள்ளபடி எழுதுகிறேன்.

இகுவானா எங்களிடம் வந்தது 2021-இல். என் மகன் வாங்கி வந்தபோது உள்ளங்கை நீளம், பச்சை மிளகாய் நிறம். இப்போது வாலோடு சேர்த்து நாலடி. தாடையை உயர்த்தி, கண்ணை அரைவாசி மூடி, நம்மை ஏதோ மனு கொடுக்க வந்தவர்களைப் போலப் பார்க்கும். அதனால் துரை என்று பெயர் வைத்தோம். 2024-இல் மகன் பிரான்சுக்கு வேலைக்குப் போனான். போவதற்கு முன்னால் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் துரையைப் பதிவு செய்துவிட்டுத்தான் போனான். அந்த வருஷம் வந்த விதிப்படி இந்த மாதிரி வெளிநாட்டு உயிரினங்களைப் பதிவு செய்தாக வேண்டும். நம் ஊர் நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு விஷயம் வேறு. அவற்றை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் நட்சத்திர ஆமைக்குத் தண்ணீர் வைப்பது எப்படி என்று கேட்டு வராதீர்கள்.

எங்கள் வீடு முத்தியால்பேட்டை. கடல் கூப்பிடு தூரம். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும். இப்போது போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளைப் பாறை கட்டும். கடலோரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்புத் தண்ணீர் உள்ளே வரத்தானே செய்யும். எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். வாசல் பக்கம் தரைமட்டக் குழாயில் அரசுத் தண்ணீர், காலையும் மாலையும் நேரம் பார்த்து வரும். மாடியில் சின்டெக்ஸ் டேங்க், அது முழுக்க போர் தண்ணீர். மகன் சமையலறையில் மாட்டிய ஆர்.ஓ. மிஷின் அந்த மாடி டேங்க் தண்ணீரைத்தான் சுத்தம் செய்கிறது. சுத்தமானது ஒரு குழாயில் வரும், கழிவு இன்னொரு குழாயில் வாளிக்குப் போகும். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் கழிவு. ஆயுசு முழுக்கத் தண்ணீர் விட்டே பிழைத்தவனுக்கு அந்த மூன்று குடத்தைச் சாக்கடையில் ஊற்ற மனசு வருமா? வீடு துடைத்தேன், பாத்ரூம் கழுவினேன். போன ஏப்ரலில் வெயில் ஏறியபோது துரையின் தொட்டியிலும் அதையே ஊற்ற ஆரம்பித்தேன். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. ஓணானுக்கு இது போதாதா என்று நினைத்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். துரை அடிக்கடி தும்மியது. கூண்டுக் கம்பியிலும் மூக்கைச் சுற்றியும் வெள்ளை வெள்ளையாகப் பொடி காய்ந்திருந்தது. சளி என்று முடிவு கட்டிவிட்டோம். நொச்சி இலை ஆவி காட்டலாமா என்றுகூட என் மனைவி கேட்டாள். அப்புறம் அதன் எச்சத்தைக் கவனித்தேன். நம் வீட்டுச் சுவர்ப் பல்லி எச்சம் போட்டால் கறுப்பாக இருக்கும், ஒரு நுனியில் மட்டும் வெள்ளை மொட்டு மாதிரி இருக்குமே, அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். இகுவானாவுக்கும் அப்படியே. உடம்பில் ஈரம் இருந்தால் அந்த வெள்ளை தயிர் மாதிரி குழைவாக இருக்கும். துரை போட்டது சாக்பீஸ் துண்டு மாதிரி இருந்தது. கையுறை போட்டு நசுக்கிப் பார்த்தேன், மணல் மாதிரி நறநறத்தது. மறுநாள் முருங்கைக் கீரையைத் தொடவில்லை. கண் உள்ளே போய்விட்டது. விலாப் பக்கம் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது.

ஆட்டோவில் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனோம். கால்நடை மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, 'என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள்?' சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது, போர் தண்ணீரின் உப்பெல்லாம் சேர்ந்து நிற்பது அந்தக் கழிவில்தானே.

அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இகுவானாவின் மூக்கில் உப்புச் சுரப்பி இருக்கிறது. உடம்பில் மிஞ்சிய உப்பை அது தும்மித் தும்மி வெளியே தள்ளும். ஓரளவு வெள்ளைப் பொடி இருப்பது சகஜம், அது சளி இல்லை. ஆனால் திடீரென்று கூடினால் என்ன உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். கூண்டில் வளரும் இகுவானாக்கள் பல சிறுநீரகம் கெட்டுத்தான் சாகின்றன. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் பற்றாமல் போவது அதற்கு ஒரு பெரிய காரணம். துரைக்கு உப்பு நேரடியாகக் கெடுதல் செய்ததா, உப்புக் கரித்ததால் குடிக்காமலே காய்ந்து போனதா என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. இரண்டாவதுதான் என்று நான் நினைக்கிறேன். தொட்டியில் மட்டம் குறைந்ததைப் பார்த்து அது குடிக்கிறது என்று நம்பியிருந்தேன். குறைந்தது வெயிலில் ஆவியாகித்தான். தண்ணீர் ஆவியானால் உப்பு தொட்டியிலேயே நிற்கும், மேலே ஊற்ற ஊற்ற இன்னும் கரிக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமா?

தோலுக்கடியில் ஊசி வழியாகத் திரவம் ஏற்றினார். வீட்டில் தினமும் இருபது நிமிஷம் வெதுவெதுப்பான தண்ணீரில் தோள் மட்டும் நனைகிற அளவு உட்கார வைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் அந்தக் குளியல் தொட்டியிலேயே தலையைக் கவிழ்த்து நக்கி நக்கிக் குடித்தது. கழுத்து ஏறி இறங்குவதை நானும் என் மனைவியும் எண்ணிக்கொண்டிருந்தோம். நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போனது. அது வாசல் குழாய்த் தண்ணீர்.

அன்று சாயங்காலமே டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன், பேனா மாதிரி இருக்கும், லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும். வாசல் குழாய் 480 காட்டியது. மாடி டேங்க் 1120. ஆர்.ஓ. சுத்தத் தண்ணீர் 70. கழிவு வாளி 1470. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எனக்கு வேறு வழி பத்தடி தூரத்தில் இருந்தது. ஊருக்கெல்லாம் ஏற்றி அனுப்பிய தண்ணீரில் ஒரு வாளி பிடித்துத் தூக்கிவரச் சோம்பல்பட்டேன், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் 'விஷம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். எழுதியவர் மனதில் இருந்தது குளோரின் என்று நினைக்கிறேன். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பவுடர் என்பது நாங்கள் போட்ட கணக்கு. தொட்டியில் இருக்கும் வீரியம் குழாய் வழியே போகப் போகக் குறையும். கடைசித் தெருவின் கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பார்க்க குளோரோஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் ஏறும். பக்கத்து வண்ணத்தோடு ஒப்பிட்டு அளவு சொல்லலாம். எனக்குப் பெட்டி தேவைப்பட்டதே இல்லை, முகர்ந்தே சொல்வேன் என்று பீற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஜலதோஷத்தோடு முகர்ந்து மாட்டிக்கொண்டேன், அது வேறு கதை.

அந்த அளவு குளோரின் இகுவானாவையோ ஆமையையோ கொல்லாது. மனிதர் குடிக்கத் தகுந்தது அதற்கும் தகும் என்றுதான் மருத்துவரும் சொன்னார். மீன், தவளை என்றால் கதை வேறு. மீனுக்குச் செவுள், தவளைக்குத் தோல், இரண்டும் குளோரினை நேராக உள்ளே வாங்கும். ஊர்வனவற்றுக்குச் செதில் தோல். இருந்தாலும் வாடை பிடிக்காமல் அது குடிக்காமல் இருக்கலாம். அதற்கு மருந்து ஒன்றும் வேண்டாம். வாய் அகன்ற வாளியில் பிடித்து மூடாமல் ஒரு ராத்திரி வைத்தால் போதும், குளோரின் பறந்துவிடும். கொசு, எலிக்குப் பயந்தால் மேலே வெள்ளைத் துணி கட்டுங்கள். குடத்தில் பிடித்து தட்டு போட்டு மூடினால் வாடை உள்ளேயே நிற்கும். காய்ச்சினாலும் குளோரின் போய்விடும், உப்பு மட்டும் போகாது. உப்புத் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று மரக்காணம் உப்பளத்துக்காரரிடம் கேளுங்கள்.

ஆர்.ஓ. தண்ணீரும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. அதில் தாது உப்பு கிட்டத்தட்ட இல்லை. துரைக்குச் சுண்ணாம்புச் சத்து முருங்கைக் கீரையிலும் பொன்னாங்கண்ணியிலும் கிடைக்கிறது, தண்ணீரை நம்பி அது இல்லை. எங்கள் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் துரைக்கு ஒரே ஒரு வேலைக்குப் போகிறது, கூண்டுக்குள் தெளிப்பதற்கு. குழாய்த் தண்ணீர் தெளித்தால் கண்ணாடியிலும் இலையிலும் வெள்ளைப் புள்ளி விழும், இதில் விழாது. செம்பருத்தி இலையில் தெளித்துவிட்டால் துளி துளியாக நக்கும். தொட்டித் தண்ணீரைக் கவனிக்காத இகுவானாகூட இலை நுனியில் ஆடும் துளியைப் பார்த்துவிடும். காட்டில் அது மழைத்துளி குடித்துப் பழகிய வம்சம். தென் அமெரிக்க மரக்கிளையில் எந்த மகராசன் தொட்டி கட்டி வைத்தான்?

மினரல் வாட்டர் என்று எழுதியிருந்தீர்கள். நம் வீடுகளில் இறங்குகிற இருபது லிட்டர் கேன் மினரல் வாட்டரே இல்லை. அது சுத்திகரித்து அடைத்த குடிநீர், அதற்கு ஐஎஸ் 14543. இயற்கை மினரல் வாட்டர் வேறு சாதி, அதற்கு ஐஎஸ் 13428. கேனில் எந்த எண் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். நல்ல கேன் தண்ணீர் கொடுத்தால் தப்பில்லை. ஆனால் கடை வாசலில் வெயிலில் நாள்கணக்கில் அடுக்கி, உள்ளே பச்சை படர்ந்த கேனையும் பார்த்திருக்கிறேன். அதைவிட ராத்திரி வாளியில் வைத்த தண்ணீர் எவ்வளவோ மேல்.

அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பல இடங்களில் போர் தண்ணீரை 'சாஃப்ட்னர்' வழியாக அனுப்புகிறார்கள். அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிற மிஷின். மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிப் போடுவது அதற்குத்தான். குளிக்கச் சுகம், சோப்பு நுரைக்கும், டிடிஎஸ் மட்டும் இறங்காது. அதை ஊர்வனவற்றுக்கு வைக்காதீர்கள். அப்புறம் மாடி டேங்க் தண்ணீர் எதுவானாலும் மே மாத மத்தியானத்தில் குழாயைத் திறந்து அப்படியே ஊற்றாதீர்கள். கொதிக்கும். குழந்தைக்குப் பார்ப்பது போல முழங்கையை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதைவிட எந்தப் பாத்திரம் என்பதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். முதலில் எங்கள் அம்மா காலத்து ஆட்டுக்கல்லின் குழியில் ஊற்றி வைத்தேன். கனமானது, துரையால் கவிழ்க்க முடியாது, பார்க்க லட்சணம். ஆனால் தூக்கிக் கழுவ முடியவில்லை. பத்து நாளில் கொசுப்புழு நெளிந்தது. டெங்கு பார்க்க வருகிறவர்கள் கண்ணில் பட்டிருந்தால் மானம் போயிருக்கும். இப்போது கனமான பீங்கான் தட்டு இரண்டு. ஒன்று கூண்டில், ஒன்று வெயிலில். உள்பக்கம் விரலால் தேய்த்தால் வழுவழு என்றால் கிருமி ஏடு கட்டியிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் பளிங்காக இருந்தாலும் அந்த வழுவழுப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். இகுவானாவுக்கு இன்னொரு பழக்கம், தண்ணீரைக் கண்டால் அதிலேயே எச்சம் போடும். அதனால் காலையில் ஒரு தடவை மாற்றினேன் என்று இருந்துவிட முடியாது. எச்சம் போட்டால் உடனே கொட்டு.

தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஊர்வனவும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். அமெரிக்காவில் ஓடு நாலு அங்குலத்துக்குக் குறைவான ஆமைக்குட்டி விற்பதை 1975-இல் தடை செய்ததே, குழந்தைகள் அதைக் கொஞ்சி வாயில் வைத்து இந்தக் கிருமியால் நோயில் விழுந்ததால்தான். எங்கள் பேத்திக்கு நாலு வயசு. அவள் வரும் நாட்களில் துரைக்கு மாடிவாசம், எங்களுக்கு சோப்புவாசம்.

பக்கத்து வீட்டுப் பெண் பத்தாவது படிக்கிறாள். காதோரம் சிவப்புக் கோடு போட்ட அந்த நீர் ஆமை, ரெட் இயர்டு ஸ்லைடர், ஒன்று வைத்திருக்கிறாள். அவளும் உங்கள் பெட்டிச் செய்தியைப் படித்துவிட்டு, ஆமைக்கு ஒரு கிண்ணம் மினரல் வாட்டர் தனியாக வைக்கட்டுமா தாத்தா என்று கேட்டாள். ஆமையோ முழங்கால் ஆழத் தொட்டியில் நாள் பூரா மிதக்கிறது! அது தண்ணீருக்குள் இருந்துதான் தீனியை விழுங்கும். சோற்றுத் தட்டு, டம்ளர், கக்கூஸ் மூன்றும் ஒரே இடம். அதற்கு நல்ல தண்ணீர் என்றால் நல்ல ஃபில்டர், வாரா வாரம் பாதிக்குப் பாதி மாற்றுவது, மிஞ்சிய தீனியை அன்றன்றே எடுப்பது. நாற்றம் வந்தபின் மாற்றினால் அதற்குள் அம்மோனியா ஏறிவிட்டது என்று அர்த்தம். வளர்க்க முடியவில்லை என்றால் ஊசுட்டேரியில் விட்டுவிடலாமே என்று அவள் அப்பா சொன்னார். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். உலக அளவில் மிக மோசமான நூறு அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, இந்த ஆமை அதில் ஒன்று. நம் ஊர் ஆமையின் வயிற்றில் அடிக்கும்.

வாசல் குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது உங்களுக்கே தெரியும். தெருவில் இடுப்பு வரை நின்ற தண்ணீரில் சாக்கடை எது, சம்ப் எது என்று தெரியவில்லை. நான் முந்தின நாளே நாலு குடம் பிடித்து வைத்திருந்தேன், தொழில் புத்தி. வெள்ளத்துக்குப் பிறகு குழாயில் முதலில் வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் வாடை அடித்தாலும் நம்பாதீர்கள். மண் கலந்த தண்ணீரில் குளோரினின் வேலை பாதிதான் நடக்கும். தெளிய வைத்து, வடிகட்டி, காய்ச்சி, ஆற வைத்துத்தான் மனிதருக்கும் துரைக்கும். தெளிந்த தண்ணீர் வந்த பிறகும் சில நாள் வாடை தூக்கலாக இருக்கும், வேண்டுமென்றேதான் கூடப் போடுவோம். அந்த நாட்களில் வாளியை ஒரு ராத்திரிக்குப் பதில் ஒரு முழு நாள் திறந்து வையுங்கள்.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் முன்னால் நின்று படம் எடுக்காத ஆள் இந்த ஊருக்கு வந்ததில்லை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து வெள்ளைக்காரத் தெருக்களுக்கு நல்ல தண்ணீர் வந்ததன் நினைவாகக் கட்டியது அது. தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டியதாகச் சொல்லும் ஆயி என்ற பெண்ணின் பெயர் அதற்கு. குழாயில் நல்ல தண்ணீர் வந்ததற்கு மண்டபமே கட்டிய ஊரில் வெளிவரும் பேப்பரில் 'குழாய்த் தண்ணீர் விஷம்' என்று வந்தால் என்னைப் போன்றவனுக்குப் பொறுக்குமா, சொல்லுங்கள்.

ஆகவே அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்து, கழுவிய தட்டில் ஊற்றி, தினமும் மாற்றவும். உப்புப் போர் தண்ணீரும், சாஃப்ட்னர் தண்ணீரும், ஆர்.ஓ. கழிவும் ஆகாது. இவ்வளவு போட்டால் போதும். இடம் போதவில்லை என்றால் பக்கத்தில் இருந்த அந்தச் சிரிக்கும் பல்லி படத்தை எடுத்துவிடுங்கள். அது இகுவானாவே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பம்ப் ஆபரேட்டர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.